நான்கு முறை வந்த ஒரே கோரிக்கை

ஏப்ரல் 8, செவ்வாய். முற்பகல் 11.20: மனைவியின் டேப்லெட்டிலிருந்து, ஒரு செயலியைத் தரவிறக்க அனுமதி கேட்டு என் கைப்பேசிக்குக் கோரிக்கை வந்தது. 11.24: நிராகரிக்கப்பட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி. பிற்பகல் 3.05: அதே செயலிக்கு இரண்டாவது கோரிக்கை. 3.05: நிராகரிக்கப்பட்டது.

ஏப்ரல் 16, புதன். காலை 9.50: மூன்றாவது கோரிக்கை. 9.58: நிராகரிக்கப்பட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய். பிற்பகல் 2.15: நான்காவது கோரிக்கை. 2.16: நிராகரிக்கப்பட்டது. 2.31: அந்த டேப்லெட்டில் செயலிகளைத் தரவிறக்கும் வசதியும் அனுமதி கேட்கும் வசதியும் முற்றாக நிறுத்தப்பட்டன.

மே 13, செவ்வாய். முற்பகல் 10.47: தடை நீக்கப்பட்டது. செயலி தரவிறக்கப்பட்டது.

சென்ற ஆண்டு, ஆக்லாந்தின் வடமேற்கில் வெஸ்ட்கேட்டுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் நடந்தவை இவை. நேரங்களை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. என் கைப்பேசி அவற்றைக் குறித்து வைத்திருக்கிறது. நிராகரித்தவன் நான். தடை போட்டவனும் நான். கேட்டவள் என் மனைவி. அவள் இப்போது இல்லை.

நான் கட்டட அமைப்புப் பொறியியலாளனாக நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவன். அவற்றுள் பிற்பாதி ஆக்லாந்து நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் கழிந்தது. மற்றவர்கள் வரைந்த வரைபடங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது என் வேலை. ஐயம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். வரைந்தவர் கோபத்தோடு மாடியேறி வருவார். என் மேசைக்கு முன்னால் நின்று, ஏன் அந்தத் தூண் அங்கே வேண்டும் என்று வாதாடுவார். பல வேளைகளில் அவர் சொல்வது சரியாக இருக்கும், ஏற்றுக்கொள்வேன். ஆகவே மறுப்பதைப் பற்றி எனக்கு ஒருபோதும் குற்ற உணர்வு இருந்ததில்லை. மறுத்தால் காரணத்தோடு திரும்பி வருவார்கள் என்பது என் அனுபவம். அந்த அனுபவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் என் பிழை.

தடையின் கதை நோய்க்கு ஓர் ஆண்டு முற்பட்டது. மனைவி தன் டேப்லெட்டில் பஞ்சாங்கம் பார்க்கவென ஒரு செயலியை இறக்கியிருந்தாள். இலவசம் என்று எழுதியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அது வாரந்தோறும் என் கடனட்டையில் கட்டணம் எடுத்துக்கொண்டிருந்ததை நான் பல மாதங்களுக்குப் பிறகே கண்டேன். இனி இப்படி நேரக்கூடாது என்று, ஒவ்வொரு தரவிறக்கத்துக்கும் என் அனுமதி தேவைப்படும்படி அமைக்க முனைந்தேன். அந்த வசதி பிள்ளைகளின் கணக்குகளுக்கு மட்டுமே உண்டு என்று கருவி சொன்னது. ஆகவே அவளுக்குப் புதிய கணக்கொன்று திறந்தேன். பிறந்த நாளையும் மாதத்தையும் உள்ளபடி கொடுத்தேன். ஆண்டை மட்டும் மாற்றினேன். பதினேழு வயது என்று போட்டிருக்கலாம். ஆனால் ஓர் ஆண்டில் தடை தானாக நீங்கிவிடும். கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் காரணி வைப்பதுபோல, கொஞ்சம் கூடுதலாகவே வைத்துப் பதினொன்று என்று பதிந்தேன்.

அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“எழுபது வயசுக் கிழவியைப் பதினொரு வயசாக்கிப் போட்டியளே! அப்ப அடுத்த வருசம் நான் பெரியபிள்ளை ஆவன், தண்ணி வாக்கோணும். தாய்மாமன் எண்டு ஒருத்தரும் உயிரோட இல்லை. சீலை நீங்கள்தான் எடுக்கோணும், சொல்லிப்போட்டன்.”

“இது உம்முடைய பாதுகாப்புக்குத்தான்” என்றேன்.

“ஓம், ஓம். பிள்ளையெண்டால் பாதுகாக்கத்தானே வேணும்” என்றாள்.

அவள் அப்படிப்பட்டவள். சிறுவர் பராமரிப்பு நிலையமொன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தாள். நான் ஒரு சொல் பேசினால் அவள் பத்துச் சொல் பேசுவாள். எங்கள் வீட்டில் மௌனம் என்று ஒன்று இருந்தால் அது நான் மட்டும் வீட்டிலிருக்கிறேன் என்று பொருள்.

பெப்ரவரியில் ஒரு காலை அவளுக்குப் பக்கவாதம் வந்தது. ஆறு வாரங்கள் வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பியபோது, வலது கையும் வலது காலும் பாதியளவுதான் அவளுடையவையாக இருந்தன. பேச்சு அறவே போய்விட்டது. பிறர் சொல்வது அவளுக்கு விளங்கும். தான் சொல்ல நினைப்பதும் உள்ளே தெளிவாக இருக்கும். வெளியே கொண்டுவரும் வழி மட்டும் அறுந்துவிட்டது என்று வைத்தியர்கள் விளக்கினார்கள். எழுத்தும் பேச்சோடு போயிற்று. ஒரேயொரு சொல் எஞ்சியிருந்தது. அது ‘ஓம்’, எங்கள் பேச்சில் ‘ஆம்’. பசிக்கிறது என்பதற்கும் ஓம். பசிக்கவில்லை என்பதற்கும் ஓம். தொடக்கத்தில் தலையசைப்பும் அப்படியே, வேண்டுமென்பதற்கும் வேண்டாமென்பதற்கும் மாறி மாறி வந்தது.

ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மலேசியாவிலிருந்து வந்து குடியேறிய தமிழ்ப் பெண். எங்கள் மகளின் வயது இருக்கும். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே “ஆண்ட்டி, ரெடியா?” என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அவர் இருக்கும் அந்த ஒரு மணி நேரந்தான் நான் மனைவியைத் தனியே விட்டு வெளியே போகக்கூடிய நேரம். ஆகவே அவர் வந்ததும் நான் கடைக்குப் புறப்பட்டுவிடுவேன்.

முதற் கோரிக்கை வந்தபோது வெஸ்ட்கேட்டில் சுப்பர் மார்க்கெட்டின் மரக்கறிப் பகுதியில் நின்றேன். ‘உங்கள் பிள்ளை ஒரு செயலியைப் பெற விரும்புகிறார்’ என்றது திரை. நான் பார்க்காமல் மறுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நான்கு நிமிடம் பார்த்தேன். வாயை அகலத் திறந்து சிரிக்கும் மஞ்சள் நிறப் பொம்மை முகம். சிறுவர்க்கானது என்று வகைப்படுத்தியிருந்தார்கள். விளையாட்டொன்றுக்கு எவரும் கொடுக்க மாட்டாத பெரிய விலை. பஞ்சாங்கச் செயலியின் அண்ணன் போலும் என்று நினைத்து மறுத்தேன். பிறகு கத்தரிக்காய் தெரிந்தெடுத்தேன்.

இரண்டாவது கோரிக்கை, அவளுடைய மருந்து தீர்ந்துபோய், பக்கத்து வீட்டுப் பெண்ணை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஃபார்மசி வரிசையில் நிற்கையில் வந்தது. அதற்கு ஒரு நிமிடம்கூட நான் செலவிடவில்லை. ஒருமுறை திருப்பி அனுப்பிய வரைபடம் எந்தத் திருத்தமும் இல்லாமல் மறுபடி வந்தால், பிரித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்புவது அலுவலகத்தில் என் வழக்கம்.

மூன்றாவது வந்தபோது நான் சமையலறையில் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த அறையில், பதினைந்து அடி தூரத்தில் இருந்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

“இதுகள் எல்லாம் காசு பிடுங்கிற வேலை. நான் பாத்துத்தான் நிப்பாட்டினனான். விளங்குதோ?”

“ஓம்” என்றாள். பிறகு இன்னொரு ஓம். பிறகு வரிசையாகப் பல. இடக்கையால் டேப்லெட்டை ஓங்கி ஓங்கித் தட்டினாள். கண்ணாடி உடைந்துவிடும் என்று நான் அதை மெதுவாக எடுத்து அலமாரியின் மேல் வைத்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு இப்படிக் கோபம் வரும் என்று வைத்தியசாலையில் தந்த கையேட்டில் படித்திருந்தேன். அந்தப் பக்கத்தை அன்று மாலை மீண்டும் ஒருமுறை படித்தேன்.

நான்காவது கோரிக்கைக்குப் பிறகு, கடவெண்ணைப் போட்டு அமைப்புகளுக்குள் புகுந்து, செயலிக் கடையையே அவளுடைய திரையிலிருந்து அகற்றினேன். அதன்பின் கோரிக்கை எதுவும் வரவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணினேன். நாற்பது ஆண்டுகளில் ஒருநாளும் நான் அப்படியொரு தீர்வில் கையொப்பமிட்டதில்லை: சுமை எங்கே போயிற்று என்று கேளாமல், விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக மட்டும்.

ஏப்ரல் 8க்குப் பிறகு பயிற்சியாளர் தம் தந்தைக்குச் சுகமில்லையென்று மலேசியாவுக்குப் போயிருந்தார். அடுத்த நான்கு செவ்வாய்களிலும் வேறொருவர் வந்து முகத்தசைப் பயிற்சிகளை மட்டும் செய்வித்துப் போனார். மே 13 அன்று பழைய பயிற்சியாளர் திரும்பி வந்தார். கடும் மழை. நான் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். மழை பெய்திராவிட்டால் இன்னும் எத்தனை செவ்வாய்கள் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“அங்கிள், ஆண்ட்டி டேப்ல ஸ்டோரையே காணோமே. யாரு எடுத்தது?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

நான் எழுந்து போனேன். “நான்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன். தேவையில்லாத விளையாட்டு ஒண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு இருந்தா.” இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு திருப்தி இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

“கேமா? என்னா கேம்?”

என் கைப்பேசியைத் திறந்து, நிராகரித்த பட்டியலைக் காட்டினேன். அவர் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

“இது கேம் இல்ல அங்கிள். நான்தான் ஆண்ட்டிக்குக் காட்டினேன். படத்தைத் தொட்டா அது சொல்லும். ஆண்ட்டி பேசறதுக்கு. அன்னிக்கே நானும் ஆண்ட்டியுமா சேர்ந்துதான் பட்டனை அமுக்கினோம். அங்கிள்கிட்ட காட்டுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். ஆண்ட்டி ஓம்னாங்க.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இடக்கையை நீட்டினாள். கைப்பேசியைக் கொடுத்தேன். அவளும் அந்தப் பட்டியலைப் பார்த்தாள். அதை மடியில் வைத்துவிட்டு, எனக்கு முன்னால் கையை உயர்த்தி நான்கு விரல்களைக் காட்டினாள்.

அழவில்லை. கோபமும் இல்லை. கணக்குச் சரி என்று உறுதிப்படுத்துவதுபோல அந்த நான்கு விரல்களும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

தடையை நீக்குவதற்கு எனக்கு மூன்று முறை கடவெண்ணைப் போட வேண்டியிருந்தது. பயிற்சியாளர் உதவி செய்ய முன்வரவில்லை, காத்திருந்தார். அந்த நாகரிகத்துக்கு நான் அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

செயலியில் தமிழ்க் குரல் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் நாமே குரலைப் பதிய வேண்டும். மகளைக் கொண்டு பதியலாம், பெண் குரலாக இருந்தால் நல்லது என்று பயிற்சியாளர் சொன்னார். மனைவி என்னைச் சுட்டிக் காட்டினாள். “அங்கிளோட வாய்ஸா ஆண்ட்டி?” “ஓம்.” இந்த ஓம் வேறு. எந்த ஓம் எதற்கு என்று காதால் பிரித்தறிய முடியும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். பயிற்சியாளருக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது.

எந்தச் சொல்லை முதலில் பதிவது என்று படங்களைக் காட்டியபோது, அவள் தண்ணீரைத் தொடவில்லை, வலியைத் தொடவில்லை. தடுத்து நிற்கும் சிவப்புக் கையைத் தொட்டாள். வேண்டாம்.

“வேண்டாம்” என்று நான் டேப்லெட்டைப் பார்த்துச் சொன்னேன்.

“அங்கிள், மீட்டிங்ல பேசற மாதிரி இருக்கு. வீட்ல பேசற மாதிரி சொல்லுங்களேன்.”

மறுபடி சொன்னேன். அதுவும் சரியில்லை. மனைவி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வாள் என்று யோசித்தேன். ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் கேட்ட ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர எனக்கு நேரம் பிடித்தது. பிறகு, “வேண்டாமப்பா” என்றேன். இழுத்து, கடைசியில் கொஞ்சம் சலித்து. அவள் முகத்தின் இடப்பாதி சிரித்தது.

அன்று முழுவதும் அவள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. தேநீர் கொண்டுவந்தேன், வேண்டாமப்பா. போர்வை; வேண்டாமப்பா. செய்தியைப் போடட்டுமா, வேண்டாமப்பா. “மருந்தும் வேண்டாமோ?” என்று கேட்டேன். “வேண்டாமப்பா” என்று என் குரலை எனக்கே திருப்பித் தந்துவிட்டு, மருந்துக்காக வாயைத் திறந்தாள். எத்தனை முறை மறுத்தாள் என்று நான் குறித்து வைக்கவில்லை. அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

வாசலில் பயிற்சியாளர் சப்பாத்தை மாட்டும்போது கேட்டேன்: இந்த ஐந்து வாரம் வீணானதால் அவளுக்கு எவ்வளவு நட்டம்?

“தெரியல அங்கிள். யாராலயும் சொல்ல முடியாது. சும்மா உங்களுக்காக ஒண்ணும் இல்லேன்னு சொன்னா அது பொய்” என்றார். குடையை விரித்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

அதன் பிறகு எங்களுக்கு எட்டு வாரங்களும் சில நாட்களும் கிடைத்தன. ஒவ்வொரு நாளும் சொற்களைக் கூட்டினோம். தேத்தண்ணி. நோகுது. கதவைப் பூட்டுங்கோ. மகள். வெளியில போவம். ‘சும்மா இருங்கோ’ என்பதைத்தான் அவள் அதிகம் தொட்டாள். என் குரலில் நானே அதட்டப்பட்டேன். சிலவேளை அவள் இரண்டு மூன்று படங்களைச் சேர்த்து ஒரு முழு வாக்கியம் செய்துவிடுவாள். செய்துவிட்டு, பரீட்சை எழுதி முடித்தவளைப் போல் நிமிர்ந்து உட்காருவாள்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நடந்ததையெல்லாம் மறுநாள் மகளிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். எங்கள் மகள் மெல்பேர்னில் வசிக்கிறாள். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். ஏப்ரல் மாதத்து ஞாயிறுகளில் தாய் பேச்சின்றித் திணறுவதைப் பார்த்து, திரைக்கு அப்பால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள். அவளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். மனைவி டேப்லெட்டை இழுத்து மூன்று படங்களைத் தொட்டாள். மகள். சொல்ல. வேண்டாமப்பா. இன்னொரு முறையும் அதே மூன்றையும் தொட்டாள். மகளிடம் நான் சொல்லவில்லை.

ஜூலை நடுப்பகுதியில் இரண்டாவது பக்கவாதம் வந்தது. மூன்று நாட்கள். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு இயலவில்லை.

இறுதிச் சடங்குக்குப் பயிற்சியாளர் வந்திருந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றார். வெளியே வரும்போது மகள் அவரிடம் போய்ப் பேசினாள். அம்மா அந்தச் செயலியில் எவ்வளவு விரைவாகத் தேறினார் என்று சொல்லிவிட்டு, ஏன் அதை இவ்வளவு தாமதமாகக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். பயிற்சியாளர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

“நானும் நடுவுல லீவுல போயிட்டேன்மா. சாரி” என்றார்.

அவ்வளவுதான். நான் வாய் திறக்கவில்லை. பேச்சை இழந்தவள் உள்ளே பெட்டியில் இருந்தாள். பேசத் தெரிந்த நான் வெளியே நின்று, வேறொருத்தி என் பிழையைச் சுமந்துகொண்டு கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மகள் மெல்பேர்ன் திரும்பினாள். போகுமுன், தாயின் பயிற்சித் தாள்களைப் படியெடுத்து அனுப்பும்படி கேட்டாள். துளையிட்டுத் திகதி வாரியாக நான் கோப்பில் வைத்திருந்தவை. அனுப்பினேன். இரு வாரங்கள் கழித்து அவள் ஒரு கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பினாள். பேச்சுப் பயிற்சியாளர் மீது முறைப்பாடு. அத்தகைய கருவி ஏப்ரலிலேயே பரிந்துரைக்கப்பட்டிருக்க வேண்டும், தாள்களில் மே 13 வரை அதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை, இந்த அலட்சியத்தால் என் தாய் ஐந்து வாரங்கள் ஊமையாக வைக்கப்பட்டார் என்றது கடிதம். நன்றாக எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தைத் திருத்தித் தாருங்கள் அப்பா என்று கீழே எழுதியிருந்தாள்.

கோப்பை எடுத்து ஏப்ரல் 8ஆம் திகதித் தாளைத் திருப்பினேன். நான் படியெடுத்து அனுப்பியது முன்பக்கத்தை மட்டும். பின்பக்கத்தில் நீல மையில், அந்தச் செயலியின் பெயரும் அதன் கீழே இரண்டு வரிகளும் இருந்தன. அங்கிள், தயவுசெய்து இதை ஆண்ட்டியின் டேப்லெட்டில் இறக்கிவிடுங்கள், விலை கொஞ்சம் அதிகம், உதவித்தொகைக்கு நான் வந்து விண்ணப்பிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் அந்தத் தாளைத் துளையிட்டபோது ஒரு துளை அவருடைய கையொப்பத்தின் நடுவே விழுந்திருந்தது.

ஒன்பது நாட்கள் அந்தக் கடிதத்தைத் திருத்தாமல் வைத்திருந்தேன். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள் என்பதை எனக்கு நானே காரணமாகக் காட்டிக்கொண்டேன். நல்ல காரணம். இறந்தவளின் விருப்பம். ஆனால் அந்த விருப்பத்தின் நிழலில் நான்தான் ஒதுங்கி நின்றேன், அவளல்ல. அவள் உயிரோடு இருந்து இந்த முறைப்பாட்டைப் பார்த்திருந்தால் எந்தப் படத்தைத் தொட்டிருப்பாள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் அவள் தெளிவாகச் சொன்ன ஒன்றை நான் மீற வேண்டியிருந்தது. ஐந்தாம் முறையும் அவளை மறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தபோது, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள பதிவை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். திகதி, நேரம், நிராகரிப்பு. பிறகு தாளின் பின்பக்கத்தைக் காமிராவுக்கு முன்னால் பிடித்தேன். அவள் தாளை இன்னும் அருகே காட்டச் சொல்லி அந்த இரண்டு வரிகளையும் படித்தாள். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். ஒரு தடவையாவது அடுத்த அறைக்குப் போய், இது என்ன, எதற்கு என்று அம்மாவிடம் கேட்டீர்களா?

ஒரு தடவை போனேன் என்றேன். கேட்பதற்குப் போகவில்லை, சொல்வதற்குப் போனேன்.

பிறகு எடுக்கிறேன் அப்பா என்று அவள் அழைப்பைத் துண்டித்தாள். அந்த முறைப்பாடு அனுப்பப்படவில்லை. அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கிறாள். அந்தக் கேள்வியை அவள் மீண்டும் எடுக்கவில்லை. நானும் அதைத் தீர்ந்ததாக எண்ணவில்லை.

இதை வாசிப்பவர்கள், பிள்ளைகளின் கருவிகளுக்குத் தடை போடாதீர்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். போடத்தான் வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ‘மறு’ என்ற பொத்தான் ஒரு விரலசைவில் அமுங்கிவிடுகிறது. அதை அமுக்குமுன், கேட்டவர் எங்கே இருக்கிறாரோ அங்கே எழுந்து போய், அவருடைய முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவரால் பதில் சொல்ல முடியாது என்றால் இன்னும் அதிக நேரம் அங்கே இருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு எழுபத்து நான்கு வயதாயிற்று.

செய்யாமல் விட்டவை சில இருக்கின்றன. எழுதி வைத்தால் செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கையில் இங்கே குறிக்கிறேன்.

1. மனைவியின் கணக்கை மூடுவது. இறப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த ஆண்டும் நான் கணக்கில் பதிந்த ஆண்டும் பொருந்தவில்லை என்று பதில் வந்திருக்கிறது. எழுபது வயதுப் பெண்ணை ஏன் பதினொரு வயதுப் பிள்ளையாகப் பதிந்தேன் என்று விளக்கி எழுத வேண்டும்.

2. பயிற்சியாளருக்கும் அவருடைய மேலாளருக்கும் கடிதம். மூன்று வரைவுகள் எழுதிவிட்டேன். மூன்றும் என்னைப் பற்றியே பேசுகின்றன. அவரைப் பற்றி எழுத வேண்டும்.

3. எங்கள் முதியோர் கூட்டத்தில், மனைவியின் டேப்லெட்டைப் பிள்ளைக் கணக்காக மாற்றும் முறையை நான் ஒருநாள் மேடையேறி விளக்கினேன். கைதட்டினார்கள். குறைந்தது நால்வர் வீட்டுக்குப் போய் அப்படியே செய்தார்கள் என்று தெரியும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போக வேண்டும். அவர்களிடம் அல்ல, அவர்களுடைய மனைவியரிடம் பேச வேண்டும்.

4. செயலியில் அவளுக்காக நாங்கள் நிரப்பிய சொற்பலகையின் கடைசி வரிசையில் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. இறுதி இரண்டு வாரங்களும் அவள் அதைத் தொட்டுத் தொட்டு என்னைப் பார்த்தாள். என்ன சொல் வேண்டும் என்று கேட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். கோயில் என்றேன், கடல் என்றேன், மழை என்றேன், அவளுடைய தாயின் பெயரைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் வேண்டாமப்பா என்று பதில் வந்தது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துப் பதிய வேண்டும். சரியா என்று பார்த்துச் சொல்ல இனி அவள் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் ஒவ்வொரு காலையும் ஒரு சொல்லையாவது யோசித்துப் பார்க்கிறேன், ஏனெனில் அவள் என்னிடம் வைத்த கோரிக்கைகளில் இன்னும் முடிவு சொல்லப்படாமல் என் முன் நிற்பது அது ஒன்றுதான்.